கடை அனுபவமும் அனுபவமே

நம் சங்க உறுப்பினர்களின் பிள்ளைகளில் பலர் இன்று பட்டப்படிப்பு முடித்துவிட்டு வெளி வேலைக்கு விண்ணப்பிக்கிறார்கள். கடையைத் தொடர்ந்து நடத்துவதா, உத்தியோகத்துக்குப் போவதா என்பது அவரவர் குடும்பம் முடிவு செய்ய வேண்டியது. நாம் சொல்ல வந்தது அவர்கள் எழுதி அனுப்பும் பயோடேட்டாவைப் பற்றி.

எங்கள் மண்டிக்குக் கணக்கு வேலை கேட்டு வருகிற தாள்களைப் பார்க்கிறோம். தகப்பனார் பெயர், மதம், சாதி, தெரிந்த மொழிகள், பொழுதுபோக்கு என்று முதல் பக்கம் நிரம்பிவிடுகிறது. 'முன் அனுபவம்' என்ற இடத்தில் மட்டும் 'இல்லை' என்று இருக்கிறது. கல்லூரி விட்டு வந்து மூன்று வருடம் கல்லாவில் உட்கார்ந்து, தீபாவளிக் கூட்டத்தைச் சமாளித்து, பாக்கி வசூலுக்கும் போய் வந்த பையனுக்கு அனுபவம் இல்லையாம்! மளிகைக் கடை என்று எழுதினால் கம்பெனிக்காரர்கள் இளக்காரமாக நினைப்பார்கள் என்ற கூச்சமே இதற்குக் காரணம்.

இந்தக் கூச்சம் தேவையற்றது. அதே சமயம், 'அப்பாவின் கடையில் உதவியாக இருந்தேன்' என்று ஒரு வரி எழுதினாலும் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. செய்த வேலையைப் பிரித்து, கணக்கோடு எழுத வேண்டும். உதாரணமாக: '2022 முதல் 2025 வரை, கல்லூரி நேரம் போக, குடும்ப மளிகைக் கடையில் பணி. 400 வகைச் சரக்குகளுக்கு இருப்புக் கணக்கு. காலாவதித் தேதி பார்த்து, முதலில் வந்த சரக்கை முதலில் விற்றது. டாலியில் கொள்முதல் பில்கள் பதிவு. ஜி.எஸ்.டி. கணக்கை மாதந்தோறும் ஆடிட்டருக்குத் தயார் செய்தது. 60 வாடிக்கையாளர்களிடம் பாக்கி வசூல்.' எண்களை அவரவர் கடைக்குத் தக்கபடி உண்மையாக எழுத வேண்டும். இன்டர்வியூவில் அதைப் பற்றி நான்கு கேள்வி கேட்டால் தடுமாறாமல் பதில் வரவேண்டும்.

எல்லா வேலைக்கும் ஒரே தாளை நகலெடுத்து அனுப்புவதும் தவறு. பருப்பு வாங்க வருகிறவரிடம் நாம் மிளகாய் சாம்பிளை நீட்டுவதில்லை. சூப்பர் மார்க்கெட் வேலை என்றால் இருப்பும் காலாவதியும் முதலில் வரட்டும். நிதி நிறுவனம் என்றால் பாக்கி வசூல் முன்னே வரட்டும். படித்து முடித்துப் புதிதாக வருகிறவருக்கு ஒரு பக்கம் போதும். தனியார் கம்பெனிக்கு மதமும் சாதியும் எழுதத் தேவையில்லை. ஆதார், பான் எண்களையும் பயோடேட்டாவில் போட வேண்டாம். அந்தத் தாள் யார் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. தொலைபேசி எண்ணும் இ-மெயிலும் பிழையில்லாமல் இருந்தால் சரி.

இதுவரை சொன்னது நம் பிள்ளைகளுக்கு. நம் கடைப் பையன்களின் நிலை என்ன? எட்டு வருடம், பத்து வருடம் உழைத்தவர் ஊர் மாறிப் போகிறார், அல்லது பெரிய கடையில் இடம் தேடுகிறார். அவர் தன் தாளில் எதை எழுதினாலும் அதற்கு ஆதாரம் நம் கையெழுத்துதான். அதைக் கேட்டால் நம்மில் பலர் 'பார்க்கலாம்' என்று தட்டிக் கழிக்கிறோம்.

சான்று கொடுத்தால் ஆள் போய்விடுவார் என்கிறார்கள். போக நினைப்பவர் சான்று இல்லாமலும் போவார். குறைந்த சம்பளத்துக்குப் போவார், அவ்வளவுதான். எழுதிக் கொடுத்தால் நாளைக்குப் பணிக்கொடை, பி.எஃப். என்று கேட்டு வருவார்கள் என்பது இன்னொரு பயம். சட்டப்படி கொடுக்க வேண்டியது அவர் செய்த வேலையால் வருவது. சான்றை மறுப்பதால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது.

கடையின் லெட்டர் பேடில் ஆறு வரி போதும். பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, என்ன வேலை பார்த்தார், பொறுப்பு எப்படி, கடைசியில் கையெழுத்தும் கடை முத்திரையும். இல்லாத புகழ்ச்சி வேண்டாம். செய்ததை மறைக்கவும் வேண்டாம். எடையைக் குறைப்பதும் தவறு, கூட்டிச் சொல்வதும் தவறு என்பது தராசு பிடிக்கும் நமக்குத் தெரியாததல்ல. நாளைக்கு வேறொரு கடையிலிருந்து நம்மிடம் வேலை கேட்டு வருபவரும் இப்படி ஒரு தாளோடு வந்தால், நம்பிக் கல்லாவில் உட்கார வைக்கலாம்.

நம் சங்கமே இதற்கு ஒரு மாதிரிப் படிவம் அச்சிட்டு உறுப்பினர்களுக்கு வழங்கலாம். செலவு சில நூறு ரூபாய்தான். அடுத்த செயற்குழுவில் இதைப் பேசி முடிவெடுக்கக் கேட்டுக்கொள்கிறோம்.