ஆம், நாங்கள் வெங்காயம்தான் உரிக்கிறோம்!



அன்பின் பெற்றோர்களே, ஊர் உறவுகளே,

கொஞ்சம் நீளமான பதிவு. முழுதாக வாசியுங்கள். வாசித்த பிறகு திட்டுவதென்றால் திட்டுங்கள், ஏற்றுக்கொள்கிறோம்.

போன வாரம் நம்மூர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றியது. "ரியூஷன்ல கலப் பாடம் ஒரே நாள்ல முடிஞ்சிட்டு. ஸ்கூல்ல மூணு கிழமையா வெங்காயம் உரிச்சிட்டு இரிக்காங்க. இதுக்கா இவங்களுக்குச் சம்பளம்?"

பேசியவர் யார் என்பது முக்கியமில்லை. அவர் கெட்டவரும் இல்லை. பிள்ளையின் ஓ.எல். சோதனையை நினைத்துத் தூக்கம் வராத ஒரு வாப்பா, அவ்வளவுதான். ஆனால் அந்தக் குரல்பதிவுக்குக் கீழே சிரித்துக் கைதட்டியவர்கள் பலர். அவர்களுக்கும் சேர்த்துத்தான் விஞ்ஞானம் படிப்பிக்கும் நாங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த "ஒரே நாள்" என்னவென்று பார்ப்போம். தரம் 10 விஞ்ஞானத்தில் தாவரக் கலம், விலங்குக் கலம் பற்றிய அலகு அது. ரியூஷன் நோட்ஸில் அது ஓர் அட்டவணை. இடது பக்கம் புன்னங்கத்தின் பெயர், வலது பக்கம் தொழில். கரு – கலத்தைக் கட்டுப்படுத்தும். இழைமணி – சக்தி நிலையம். றைபோசோம் – புரதத் தொகுப்பு. பச்சையவுருமணி – ஒளித்தொகுப்பு. புன்வெற்றிடம், கலச்சுவர், கொல்கிச் சிக்கல் என்று பத்துப் பன்னிரண்டு வரிகள். கெட்டிக்காரப் பிள்ளைக்கு அரை மணித்தியாலம் போதும். ஒரு நாள் கூட அதிகம்!

அந்த அட்டவணையைக் காற்புள்ளி தவறாமல் ஒப்புவித்த பிள்ளைகளிடம் நாங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டோம்: "கத்தரிச் செடியின் வேரில் இழைமணி இருக்குமா?" பெரும்பாலான கைகள் "இல்லை" என்ற பக்கமே உயர்ந்தன. ஏன் என்று கேட்டால், "மிருகம் சுவாசிக்கும், மரம் ஒளித்தொகுப்புச் செய்யும்" என்கிறார்கள். ஒன்றுக்கு இழைமணி, மற்றதற்குப் பச்சையவுருமணி என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.

உண்மை என்ன? தாவரக் கலத்துக்கு இரண்டும் உண்டு. பச்சையவுருமணி சூரிய ஒளியில் குளுக்கோசைச் செய்கிறது. அந்தக் குளுக்கோசிலிருந்து கலத்துக்கு வேண்டிய சக்தியை எடுத்துக் கொடுப்பது இழைமணி. இரவிலும் மரம் சுவாசிக்கிறது. வெளிச்சமே படாத வேர் உயிரோடு இருப்பதும் இழைமணியால்தான். அதற்கு ஒட்சிசன் வேண்டும். பூச்சாடிக்கு அன்பு மிகுதியால் தண்ணீரை ஊற்றி ஊற்றி வேரை அழுக வைக்கிறோமே, அங்கே நடப்பது இதுதான். மண்ணின் இடைவெளியெல்லாம் தண்ணீர் நிரம்பிவிட்டால் வேருக்கு ஒட்சிசன் இல்லை. அட்டவணையில் நூற்றுக்கு நூறு எடுத்த பிள்ளைக்கு இது தெரியாது.

இனி வெங்காயத்துக்கு வருவோம்.

வெங்காயச் செதிலின் உட்பக்கத்திலிருந்து கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய உரியைக் கழற்றி, வழுக்கியில் ஒரு துளி தண்ணீரில் வைத்து, அயடீன் ஒரு சொட்டு விட்டு, மூடித்துண்டால் மூடி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் செங்கல் அடுக்கியது போல் கலங்கள் தெரியும். ஒவ்வொன்றையும் சுற்றிக் கலச்சுவர். உள்ளே மஞ்சள் கபில நிறத்தில் கரு. எட்டிப் பார்த்த ஒரு பிள்ளை தலையை நிமிர்த்திக் கேட்டது: "இதுல பச்சையவுருமணியக் காணல்லயே? வெங்காயமும் தாவரம்தானே?"

வகுப்பு அப்படியே அமைதியானது. அட்டவணையில் தாவரக் கலம் என்றால் பச்சையவுருமணி இருக்கும் என்றுதானே எழுதியிருக்கிறது? கண் முன்னால் இருப்பது தாவரம். அதில் ஒன்றையும் காணவில்லை. எது சரி?

இரண்டு நிமிடம் கழித்துப் பின்வாங்கிலிருந்து இன்னொரு பிள்ளை சொன்னது: "அது மண்ணுக்குள்ளதானே கிடக்கு, வெளிச்சம் படாதே." சுப்ஹானல்லாஹ்! நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை. நோட்ஸிலும் இல்லை. அந்தப் பிள்ளை தானாக யோசித்துக் கண்டுபிடித்தது. அடுத்த நாள் குளத்திலிருந்து ஐதரில்லாப் பாசி கொண்டுவந்து அதன் இலையை வைத்தோம். பச்சைப் பச்சையாக மணிகள். அதையும் பார்த்தார்கள். பிறகு தம் கன்னத்தின் உட்பக்கத்தை மெதுவாகச் சுரண்டி, மெதிலீன் நீலமிட்டுப் பார்த்தார்கள். கரு இருக்கிறது, சுவர் இல்லை, செங்கல் போன்ற ஒழுங்கும் இல்லை.

இழைமணியையும் றைபோசோமையும் காட்ட எங்களால் முடியவில்லை. அதையும் மறைக்காமல் சொன்னோம். பாடசாலை நுணுக்குக்காட்டியில் அவை தெரியாது; புத்தகத்திலுள்ள அந்த விபரமான படம் இலத்திரன் நுணுக்குக்காட்டி தந்த அறிவு. எதை நாம் கண்ணால் பார்த்தோம், எதை மற்றவர்கள் பார்த்துச் சொன்னதை நம்புகிறோம் என்று பிரித்தறிவதும் விஞ்ஞானம்தான். வட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் அப்படியே அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடும் நமக்கு அந்தப் பழக்கம் கட்டாயம் வேண்டும்.

"சரி, இதனால் சோத்துக்கு என்ன பயன்?" என்று கேட்பீர்கள். சோற்றிலிருந்தே சொல்கிறோம். சம்பலுக்கு வெட்டிய வெங்காயத்தில் உப்புப் போட்டுப் பிசைந்தால் தண்ணீர் விடுகிறதே, அது கலத்தின் புன்வெற்றிடத்திலிருந்த தண்ணீர். உப்பு வெளியே கூடினால் தண்ணீர் கல மென்சவ்வைக் கடந்து வெளியே வருகிறது. கருவாடு பழுதாகாமல் இருப்பதற்கும் இது ஒரு காரணம். உப்பு, பற்றீரியாவின் கலத்திலிருந்தும் தண்ணீரை உறிஞ்சிவிடும். சந்தையில் கீரை விற்பவர் ஏன் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறார்? தண்ணீர் குறைந்தால் புன்வெற்றிடம் சுருங்கும், கீரை வாடும். அந்த உம்மா இந்தப் பாடத்தைப் படிக்காமலேயே செய்கிறார். படித்த நம் பிள்ளைக்குக் காரணம் சொல்லத் தெரிய வேண்டாமா?

இன்னும் வீட்டுக்கு அருகில் வருவோம். நம்மூரில் சீனி வருத்தம் இல்லாத வீடு எது? இன்சுலின் எங்கிருந்து வருகிறது? சதையியிலுள்ள சில கலங்களிலிருந்து. எப்படி? அந்தக் கலத்தின் கருவில் செய்முறைக் குறிப்பு இருக்கிறது. அதன் பிரதியைக் கொண்டு றைபோசோம் புரதத்தைக் கோர்க்கிறது. அகமுதலுருச் சிறுவலை அதை வாங்கி மடித்துக் கொடுக்கிறது. கொல்கிச் சிக்கல் பொதி செய்கிறது. சாப்பிட்டு இரத்தத்தில் குளுக்கோசு கூடும்போது பொதி கலத்துக்கு வெளியே போகிறது. அட்டவணையில் நாலு வரியாகச் செத்துக் கிடப்பவை, மூத்தம்மாவின் உடம்பில் ஒரு சங்கிலியாக வேலை செய்கின்றன. பாதையைக் கண்டுபிடித்ததும் சும்மா இல்லை. சதையிக் கலங்களில் புரதம் எந்த வழியாக நகர்கிறது என்று ஆராய்ந்த ஜோர்ஜ் பலாடேயும் வேறு இருவரும் 1974இல் நோபல் பரிசு பெற்றார்கள். நம் பிள்ளைக்கோ அது ஒரு புள்ளி வினா.

மற்றது, காய்ச்சல் என்றதும் பார்மசிக்குப் போய் "ரெண்டு அன்டிபயோட்டிக் தாங்க" என்று கேட்கிறோமே, அதற்கும் பதில் இதே பாடத்தில் இருக்கிறது. பெனிசிலின் பற்றீரியாவின் கலச்சுவர் கட்டப்படுவதைத் தடுக்கிறது. நம் கலத்துக்குச் சுவரே இல்லை, ஆகவே நம் கலங்களை விட்டுவிட்டுப் பற்றீரியாவைத் தாக்க அதனால் முடிகிறது. வைரஸுக்கோ சுவரும் இல்லை, அது ஒரு கலமுமில்லை. தடிமலுக்கும் டெங்குக்கும் காரணம் வைரஸ். அதற்கு அன்டிபயோட்டிக் விழுங்கி என்ன பயன்? கண்டபடி விழுங்கினால், உண்மையிலேயே தேவைப்படும் நாளில் மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்கள் பெருகியிருக்கும். "விலங்குக் கலத்துக்குக் கலச்சுவர் இல்லை" என்று ஆயிரம் தடவை எழுதிய பிள்ளை, வீட்டில் உம்மாவிடம் "இது வேணாம், டொக்டரைக் கேட்போம்" என்று சொல்லவில்லையானால் அந்த வரியைப் படித்து என்ன, விட்டு என்ன?

இப்போது மனனம் பற்றி. தவறாக விளங்கிக்கொள்ள வேண்டாம். ஹிப்ழ் செய்யும் பிள்ளைகள் உள்ள சமூகம் நாம். மனனத்தை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. அங்கே ஓர் எழுத்துக்கூட மாறக்கூடாது, அதனால் மனனம் அங்கே அமானிதம். ரியூஷன் நோட்ஸ் வேதமா? அது யாரோ எழுதிய சுருக்கம். அதில் பிழையும் இருக்கும், விடுபட்டதும் இருக்கும். அதை வேதம் மாதிரி மனனம் செய்ய வைப்பதுதான் பிழை.

மூன்று கிழமைக் கதைக்கு வருவோம். செலவானது நான்கே நான்கு பாடவேளை. இடையில் லீவுகளும் கூட்டங்களும் வந்தன. நான்கு பாடவேளை ஏன்? வகுப்பில் 42 பிள்ளைகள். ஒரு பாடவேளை 40 நிமிடம். வேலை செய்யும் நுணுக்குக்காட்டி ஒன்று. கணக்கை நீங்களே போடுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடமும் இல்லை. கண்ணை வைத்துக் குவியம் சரிசெய்வதற்குள் அடுத்தவர் தோளைத் தட்டுகிறார். நீங்கள் தாமதம் என்று சொன்னீர்களே, அந்தத் தாமதத்தின் பெயர் வறுமை. அதை வெங்காயத்தின் தலையில் போடாதீர்கள்.

மீலாத் மேடைகளில் நாம் என்ன பேசுகிறோம்? ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்னுல் ஹைதம் ஒளியியலில் பெரும் நூல் எழுதினார் என்று மைக் அதிர முழங்குகிறோம். உண்மைதான், பெருமைதான். ஒரு படி மேலே போய் நுணுக்குக்காட்டியே நம்மவர் கண்டுபிடித்தது என்கிறார்கள் சிலர். அது உண்மையல்ல. ஆனால் வில்லையையும் பார்வையையும் விளங்கிக்கொள்ள அவருடைய ஆய்வு வழி திறந்தது. சரி, அந்த மனிதர் சோதித்துப் பார்க்காமல் எதையும் ஏற்கக்கூடாது என்றவர். அவர் பெயரைச் சொல்லித் தக்பீர் முழங்கும் ஊரில், வில்லை பொருத்திய கருவி அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறது!

ஏன் பூட்டு? இங்கே எங்கள் பக்கப் பிழையையும் சொல்லத்தான் வேண்டும். வருட முடிவில் பொருட் கணக்கெடுப்பு வரும். ஏதாவது உடைந்தால் பொறுப்பெடுத்த ஆசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பயத்தில் எங்களில் பலர் கருவியைப் பிள்ளையிடமிருந்து காப்பாற்றுகிறோம். பிள்ளைக்காக வாங்கிய பொருள் பிள்ளை தொடாததால் பத்திரமாக இருக்கிறது. இதைவிட வெட்கம் என்ன? எங்களில் சிலர் காலையில் வகுப்பில் மேலோட்டமாக ஓட்டிவிட்டு, பின்னேரம் அதே பாடத்தை ரியூஷனில் உருகி உருகிப் படிப்பிக்கிறோம். அதுவும் நடக்கிறது. அல்லாஹ்வுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாங்களும்தான்.

ஆனால் உங்களிடமும் ஒரு கேள்வி. 9ஏ எடுத்த பிள்ளைகளின் படத்தைப் போட்டுச் சந்திக்குச் சந்தி பெனர் கட்டக் காசு வருகிறது. பாடசாலை வாசலுக்கு வளைவு கட்ட வெளிநாட்டிலிருந்தும் காசு வருகிறது. திறந்துவைத்தவரின் பெயர் கல்லில் பொறிக்கப்படுகிறது. அந்த வளைவின் செலவில் ஒரு பங்கு போதும், ஆய்வுகூடத்தில் நாலு பிள்ளைக்கு ஒரு நுணுக்குக்காட்டி வைக்கலாம். பெயர் பொறிக்க வேண்டுமென்றால் அதிலும் பொறியுங்கள், மனமில்லாமல் சொல்லவில்லை.

ஆகவே மூன்றே மூன்று வேண்டுகோள்.

ஒன்று, அதிபர்மாருக்கும் மேலே உள்ளவர்களுக்கும்: பாவனையில் உடைவதை இழப்பாக எழுத வழிசெய்யுங்கள். பிள்ளை கையில் உடைந்த மூடித்துண்டுக்கு ஆசிரியரைக் குற்றவாளியாக்காதீர்கள்.

இரண்டு, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கும் பழைய மாணவர்களுக்கும்: அடுத்த கூட்டத்தில் வளைவுக்கும் வர்ணப் பூச்சுக்கும் முன்னால் ஆய்வுகூடத்தை நிகழ்ச்சி நிரலில் போடுங்கள். நாங்கள் பட்டியலோடு வருகிறோம்.

மூன்று, உம்மா வாப்பாமாருக்கு: பிள்ளை வீட்டுக்கு வந்ததும் "எத்தின மார்க்ஸ்?" என்று கேட்பதற்கு முன், "இண்டைக்கு என்ன பார்த்த?" என்று கேளுங்கள். "ஒண்டும் பார்க்கல்ல, எழுதினம்" என்று பதில் வந்தால் எங்களுக்குப் போன் எடுங்கள். அப்போது திட்டுங்கள், நியாயம்.

பரீட்சைக்கு அட்டவணையும் வேண்டும். அதை எழுதிக் கொடுத்துவிட்டோம், பயப்படாதீர்கள். ஆனால் கண்ணால் கண்டதை எழுதுகிற பிள்ளைக்கும், காதால் கேட்டதை எழுதுகிற பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் ஏ.எல். வகுப்பில் தெரியும். உயிரியல் எடுத்துவிட்டு முதல் தவணையிலேயே கலைக்கு மாறும் நம் பிள்ளைகளைப் பார்த்து அழுதது போதும்.

வரும் திங்கட்கிழமை றியோ இலையில் உப்புக் கரைசல் விட்டுப் பார்க்கப் போகிறோம். இலைக் கலத்துக்குள் இருக்கும் ஊதா நிறம் சுவரை விட்டு விலகிச் சுருங்குவதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள், இன்ஷா அல்லாஹ். குரல்பதிவு போட்ட வாப்பாவும் வரலாம். 43ஆவது ஆளாக வரிசையில் நின்று ஒரு நிமிடம் எட்டிப் பாருங்கள். அதன் பிறகு பேசுவோம்.

உங்கள் ஊர்க் குழுக்களிலும் பகிருங்கள். எழுத்தில் யார் மனமாவது நொந்திருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். கருத்தில் மாற்றமில்லை.

வஸ்ஸலாம்.