நடந்து பார், உடனிருந்து உண்

இலங்கைத் தமிழராகிய நாம் காலைப் பசிக்கு வாங்கும் பாணைத் தமிழகத்தார் ரொட்டி என்பர். ஜப்பானியரோ 'பன்' என்பர். எங்கோ கிழக்குக் கோடியில் வாழும் அவர்களுக்கும் நமக்கும் இச்சொல் ஒன்றாக அமைந்தது தற்செயலன்று. 1505-ல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயர், 1571 முதல் ஜப்பானின் நாகசாகித் துறையிலும் வாணிகம் நடத்தினர். பண்டத்தோடு பெயரையும் இரு நாட்டிலும் விட்டுச் சென்றனர். அவர்களுக்குப் பின் ஒல்லாந்தர் நம் கரையோரங்களை ஆண்டனர். ஜப்பானிலோ அவர்கள் நாகசாகித் துறைமுகத்திலுள்ள தெஜிமா என்னும் சிறு செயற்கைத் தீவிலே அடைபட்டு, 1641 முதல் இரு நூற்றாண்டுக்கு மேல் வாணிகம் செய்தனர்.

இவையெல்லாம் சரித்திர நூலில் உள்ளனவே என்பீர்கள். உண்மைதான். ஆனால் நாகசாகி மக்கள் தம் சரித்திரத்தை நூலிலே மட்டும் வைத்துவிடவில்லை, தெருவிலே வைத்திருக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டில் அந்நகரம் ஒரு புதுமையான விழாவை நடத்தியது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நடந்த அவ்விழாவிலே பெரிய கூடாரமுமில்லை, பொருட்காட்சி மண்டபமுமில்லை. ஊரே காட்சிப் பொருள். விழாவின் பெயர் 'சருக்கு'. அவ்வூர்ப் பேச்சு வழக்கில் 'சுற்றித் திரிதல்' என்று பொருள். வந்தவர்களைச் சிறு சிறு குழுவாக அழைத்துச் சென்று, சந்து பொந்துகளையெல்லாம் காட்டியவர்கள் ஊர்வாசிகளே. அன்று தொடங்கிய அவ்வழக்கம் விழாவோடு முடிந்துவிடவில்லை.

அவ்வாறு நடப்பவன் காண்பவை எத்தனை! 1634-ல் கட்டிய கற்பாலமொன்றின் இரண்டு வளைவுகளும் ஆற்று நீரிலே நிழலாடி மூக்குக்கண்ணாடி போலத் தோன்றுவதால், அதற்குக் கண்ணாடிப் பாலம் என்றே பெயர். ஔரா கெய் என்ற பெண்மணி அந்நகரிலிருந்து கடல் கடந்து தேயிலை அனுப்பியவள். 1867-ல் லூல்கந்துரவிலே ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடுமுன்னரே அவள் அவ்வாணிகத்தில் பெயர் பெற்றிருந்தாள். இன்னும் சிறிது தூரம் சென்றால், 1945 ஆகஸ்ட் 9-ஆம் நாள் முற்பகல் 11 மணி 2 நிமிடத்துக்கு அணுகுண்டு வெடித்த இடம். பாலத்தைக் காட்டிய அதே மனிதர்தாம் அதையும் காட்டுகிறார். பெருமையையும் துயரத்தையும் ஒரே நடையிலே சொல்லக் கற்ற ஊர் அது.

ஜப்பானிலே அயல்நாட்டாருக்கு ஊதியம் பெற்று வழிகாட்டும் தொழிலை 1949-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அரசாங்கப் பரீட்சையில் தேறியவர்களுக்கே உரியதாக்கியிருந்தது. 2018 ஜனவரியிலிருந்து அத்தடை நீங்கியது. ஆகவே சாதாரணக் குடும்பத் தலைவியும் நாலைந்து விருந்தினரைச் சந்தைக்கு அழைத்துச் சென்று, காய்கறி வாங்கி, தன் வீட்டிலே அவர்களோடு சேர்ந்து சமைத்து, ஊதியமும் பெறலாம் என்றாயிற்று. நகரைச் சுற்றிய கால்கள் வாயிற்படியிலே பாதரட்சையைக் கழற்றிவிட்டு அடுக்களைக்குள் நுழைகின்றன.

அவ்வடுக்களையிலே நம் வீட்டுப் பெண்கள் உடனே அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய பொருளொன்று உண்டு. கட்டையைப் போல் இறுகிய ஒரு மீன் துண்டு! சூரை மீனை அவித்து, புகையூட்டி, உலர்த்தி, பூஞ்சணம் படியவைத்துப் பக்குவப்படுத்தியது. 'கட்சுவொபுஷி' என்பர். நாம் சம்பலுக்கு இடிக்கும் மாசியும் அதே சூரை மீனை அவித்து, புகையூட்டி, உலர்த்தியதுதானே! மாலைதீவாரும் ஜப்பானியரும் ஒரே மீனுக்கு ஏறக்குறைய ஒரே உபாயத்தைக் கையாண்டிருக்கிறார்கள். நாம் மாசியை உரலிலிட்டு இடிக்கிறோம். அவர்கள் இழைப்புளியால் மரம் சீவுவதுபோல் மெல்லியதாகச் சீவுகிறார்கள். கொம்பு என்னும் கடற்பாசி ஊறிய வெந்நீரிலே அச்சீவலை இட்டு வடித்தால், அவர்களுடைய சூப்புக்கு அடிப்படையான சாறு கிடைக்கிறது. இச்சாற்றின் சுவை யாது என்று ஆராய்ந்துதான், இக்கெதா கிக்குனயெ என்ற இரசாயனப் பேராசிரியர் 1908-ல் 'உமாமி' என்னும் சுவையை வகுத்துச் சொன்னார். மாசி போட்ட சம்பலுக்கும் போடாத சம்பலுக்கும் உள்ள பேதத்தை நம் நாவு அதற்கு முன்னரே அறியும்.

உணவு முடிந்ததும் அவர்கள் 'கொச்சிசோ சமா' என்று வணங்குகிறார்கள். அச்சொல்லுக்குள் 'ஓடியாடுதல்' என்ற பொருள் அடங்கியிருக்கிறது. இவ்வுணவுக்காக ஓடியாடி உழைத்தவர்களுக்கு நன்றி என்பது கருத்து. மாணவர்கள் மற்றொன்றையும் அறிந்துகொள்ளுதல் நலம்: சோற்றிலே உணவுக் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைக்கலாகாது, இறந்தவருக்குப் படைக்கும் முறை அது. 2019-ல் இலங்கையும் ஜப்பானும் செய்த உடன்பாட்டின் வழியே அங்கு வேலைக்குச் செல்ல எண்ணும் பிள்ளைகள் நம்மிடையே பலர். மொழியோடு இவற்றையும் கற்றுச் சென்றால் அந்நியம் பாதி குறையும்.

ஜப்பானியரோடு அமர்ந்து உண்பதா என்று முந்திய தலைமுறை திகைத்திருக்கும். 1942 ஏப்ரல் 5-ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று, அவர்களுடைய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நம் கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலவிலே எடுக்கப்பட்டு 1957-ல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்ற படத்தை அறியாதவர் யார்? அதில் வருவோர் வெள்ளையரான போர்க் கைதிகள். ஆனால் அந்தச் சயாம்–பர்மா இரயில் பாதைக்கு மலாயா இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டு, காட்டிலே மடிந்த தமிழர் பல்லாயிரம் பேர். படத்திலே அவர்கள் கதை இல்லை. இதை மறக்கச் சொல்லவில்லை. 1951-ல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டிலே இலங்கை போர் நட்டஈடு கோராமல் விட்டது அரசுகளுக்கிடையே நடந்த செயல். மனிதருக்கிடையே நடக்கவேண்டியதை அரசு செய்து தர இயலாது. அதற்கு ஒருவர் வீட்டு அடுப்படிக்கு மற்றவர் போகத்தான் வேண்டும். போனால் கேட்கவும் வேண்டும், சொல்லவும் வேண்டும்.

இனித் தெஹியோவிட்டவுக்கு வருவோம். கித்துல்கல ஆற்றிலே படகு விடவரும் அயல்நாட்டார் நம் தோட்டங்களைப் பச்சை நிறமாக மட்டும் கண்டு போகிறார்கள். விடியற்காலையிலே இறப்பர் மரத்திற் பால் வெட்டுவது ஏன்? குளிர்ந்த வேளையிலேதான் பால் நன்றாக ஓடும். சிரட்டையிலே சேர்ந்த பால் எப்படித் தகடாகிப் புகைக் கூடத்துக்குப் போகிறது? 1876-ல் ஹெனரத்கொடவில் நட்ட கன்றுகள் எங்கிருந்து வந்தன? 1948-ல் குடியுரிமை இழந்த குடும்பங்கள் எத்தனை ஆண்டு காத்திருந்தன? இவற்றை நடந்துகொண்டே சொல்லி, இறுதியில் சூடான ரொட்டியும் மாசிச் சம்பலும் பலாக்காய்க் கறியும் பரிமாற நம்மவரால் இயலாதா?

இயலும், ஆனால் சில நிபந்தனைகள் உண்டு. லயத்துக் காம்பராவின் நெருக்கடியைக் காட்டிக் காசு பெறுவது விருந்தோம்பலன்று. குனிந்து எட்டிப் பார்த்துப் படம் பிடிப்பவனை வாயிலிலேயே நிறுத்தலாம். உட்கார்ந்து தேங்காய் துருவ முன்வருபவனை உள்ளே அழைக்கலாம். கதை சொல்பவர் தோட்டத்து மனிதராகவே இருக்கவேண்டும். சமைத்த பெண்ணின் கூலி அவள் கையிலேயே சேரவேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. வரும் ஞாயிறன்று உங்கள் வீட்டிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குப் படம் வரையுங்கள். நின்று பேசத்தக்க பத்து இடங்களை அதில் குறியுங்கள். ஒவ்வோர் இடத்தைப் பற்றியும் வீட்டு முதியோரிடம் கேட்டு ஐந்து வரி எழுதுங்கள். எழுத ஒன்றுமில்லாத இடம் வந்தால் அதைக் காலியாக விடாமல், அடுத்த லயத்துப் பாட்டியிடம் போய்க் கேளுங்கள்.