ஹோல்டனுக்கு மனநோயா?

அமெரிக்க எழுத்தாளர் ஜே. டி. சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் தி ரை’ என்னும் புதினம் 1951ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் கதை சொல்பவன் பதினேழு வயது நிரம்பிய ஹோல்டன் கால்ஃபீல்டு. ஐந்து பாடங்களுள் ஆங்கிலம் ஒன்றில் மட்டுமே தேறியவன். அதனால் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவன். கிறித்துமஸ் விடுமுறைக்கு முன்பே விடுதியை விட்டு வெளியேறி, பெற்றோரிடம் செல்லத் துணியாமல், நியூயார்க் நகரில் தனியே அலைந்த சில நாள்களை அவன் நினைவுகூர்கிறான். நூலைப் படிப்போர் பலர் இறுதியில் ஒரு கேள்வி கேட்கின்றனர்: இச்சிறுவனுக்கு மனநோயா?

கேள்விக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவன் தேவையின்றிப் பொய் சொல்கிறான். அதை அவனே ஒப்புக்கொள்ளவும் செய்கிறான். காரணம் தெரியாமல் அழுகிறான். தெருவைக் கடக்கும்போது தான் மறைந்து போய்விடுவோமோ என்று அஞ்சி, இறந்துபோன தம்பியைத் துணைக்கு அழைக்கிறான். தன்னைத் தானே பைத்தியம் என்று அடிக்கடி கூறிக்கொள்கிறான். போதாததற்கு, இக்கதை முழுவதையும் அவன் சொல்வதே ஓய்வுக்கும் சிகிச்சைக்குமாக அனுப்பப்பட்ட ஓரிடத்திலிருந்துதான்.

ஆயினும் நோய்க்குப் பெயர் தேடும் அவசரத்தில், கதையின் நடுவே இருக்கும் ஒரு மரணம் கண்ணில் படாமல் போய்விடுகிறது. ஹோல்டனுக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, பதினொரு வயதுத் தம்பி அல்லி இரத்தப் புற்றுநோயால் இறந்தான். அன்றிரவு ஹோல்டன் கார்க் கொட்டகையில் படுத்திருந்து, அதன் சன்னல் கண்ணாடிகளையெல்லாம் வெறுங்கையால் உடைத்தான். கைக்காயத்திற்காக மருத்துவமனையில் கிடந்ததால் தம்பியின் இறுதிச் சடங்கிற்கும் அவனால் செல்ல இயலவில்லை. கண்ணாடியை உடைத்ததற்காக அவனை மனநல மருத்துவரிடம் காட்டப் பெற்றோர் எண்ணினர். அதில் பிழை இல்லை. ஆனால் அவன் ஏன் உடைத்தான் என்று அருகில் அமர்ந்து கேட்டவர் எவரையும் அவன் கதையில் காண முடியவில்லை. இன்றும் மழை பெய்தால் அந்தக் கை வலிக்கிறது. விரல்களை இறுக மூட முடியவில்லை.

அல்லி ஒரு பேஸ்பால் கையுறை வைத்திருந்தான். பந்து தன் பக்கம் வராத நேரத்தில் படிப்பதற்காக, அதன் மேலெல்லாம் பச்சை மையால் கவிதைகளை எழுதியிருந்தான். விடுதியில் அறைத்தோழன் ஒருவன் தனக்காக ஒரு வருணனைக் கட்டுரை எழுதித் தரும்படி கேட்கிறான். வீட்டையோ அறையையோ வருணித்தால் போதும் என்கிறான். ஹோல்டன் அந்தக் கையுறையைப் பற்றி எழுதுகிறான். கேட்டது இதுவல்ல என்று தோழன் சினக்கிறான். ஹோல்டன் கட்டுரையைக் கிழித்தெறிகிறான். புதினத்தில் மிகத் துயரமான இடம் இதுவே எனலாம். தம்பியைப் பற்றி அவன் எழுதிய ஒரே பக்கம், தலைப்புக்குப் பொருந்தவில்லை என்னும் குறையோடு குப்பைக்குப் போயிற்று.

‘அந்த வயதில் எல்லாரும் அப்படித்தான்’ என்று கூறித் தள்ளிவிடுவோரும் உளர். இதுவும் பொருந்தாது. எல்லாச் சிறுவரும் உறக்கமின்றி, உணவின்றி, நகரத் தெருக்களில் அலைவதில்லை. அவனுக்கு மருத்துவர் வேண்டும். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்வது போல இதற்கும் செல்லலாம். ஆனால் நோயின் பெயரைச் சொன்னவுடன் அவனைப் புரிந்துகொண்டதாக எண்ணுவதுதான் தவறு. தமிழில் ‘பைத்தியம்’ என்றும் இந்தியில் ‘பாகல்’ என்றும் வகுப்பறையில் விளையாட்டாக வீசப்படும் சொல்லும் இதே வேலையைத்தான் செய்கிறது. அச்சொல் விழுந்த பிறகு அந்த மாணவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

அவன் முழுதும் தனித்தவனும் அல்லன். பத்து வயதுத் தங்கை ஃபீபி அவனைத் திட்டுகிறாள்; பிடித்தது ஒன்றையேனும் சொல் என்று வற்புறுத்துகிறாள். அப்போது அவன் வாயில் வரும் பெயர் அல்லி. இறந்தவனைச் சொல்லக் கூடாது என்று அவள் மறுக்கிறாள்; ஆனாலும் கேட்டவள் அவளே. வீட்டை விட்டுத் தொலைதூரம் போகப் போவதாக அவன் சொன்னபோது, பெட்டியை இழுத்துக்கொண்டு தானும் வருவேன் என்று வந்து நின்றவளும் அவளே. அவன் போகவில்லை.

நூலின் கடைசிப் பக்கத்தில், சிகிச்சை இடத்திலுள்ள மனநல மருத்துவர் ஹோல்டனிடம் கேட்கும் கேள்வி ஒன்று வருகிறது: மீண்டும் பள்ளிக்குச் சென்றால் நன்றாகப் படிப்பாயா? அது மூடத்தனமான கேள்வி என்கிறான் அவன். செய்து பார்க்கும்வரை எப்படித் தெரியும் என்கிறான்.