லேடீஸ் வண்டி

யமஹா 2012இல் 'ரே' என்றொரு ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. பெண்களுக்காகவே செய்த வண்டி என்றது. விளம்பரத்துக்கு தீபிகா படுகோனை நிறுத்தியது. அடுத்த ஆண்டே அதே வண்டிக்கு நிறத்தையும் ஸ்டிக்கரையும் மாற்றி, ஆண்களுக்கென்று 'ரே இசட்' வந்தது. இன்று ரே இல்லை. ரே இசட்டின் வழியில் வந்த 'ரே இசட்ஆர்' விற்றுக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்பே, 2007இல் பெண்களைக் குறிவைத்து பஜாஜ் இறக்கிய 'கிரிஸ்டல்' வந்த வேகத்தில் போனது. 2009 கடைசியில் அந்த நிறுவனம் ஸ்கூட்டரையே கைவிடுவதாக அறிவித்தது. மஹிந்திராவின் 'ஃப்ளைட்' இருந்ததே பலருக்கு நினைவிருக்காது.

விழுப்புரத்தில் ஒரு ஷோரூம்காரர் இதை எனக்கு ஒரே வரியில் விளக்கினார்: "லேடீஸ் வண்டி மூவ் ஆகாது மேடம்." பெண்கள் வாங்குவதில்லை என்பது அதற்கு அர்த்தம். அவர் கடைவாசலில் நின்ற வண்டிகளில் பாதியைப் பெண்கள் ஓட்டி வந்திருந்தார்கள்.

பெண்கள் வண்டி வாங்குகிறார்கள். 'லேடீஸ் வண்டி'யைத்தான் வாங்குவதில்லை. அந்த வண்டியில் உட்காரப்போகிறவள் என்று கம்பெனி கற்பனை செய்த பெண் எங்கள் ஊரில் இல்லை. அவள் கல்லூரிக்குப் போகிறாள், தனியாகப் போகிறாள், தோளில் ஒரு சின்னப் பை. அவ்வளவுதான் பாரம். காலை எட்டரை மணிக்குத் திண்டிவனம் நேரு வீதியில் நின்று பாருங்கள். காலடியில் 25 கிலோ அரிசிச் சிப்பம், அதன்மேல் யூனிஃபார்மில் ஒரு பிள்ளை, பின்னால் மாமியார், கொக்கியில் டிபன் பை. பூக்கூடையைக் கட்டிக்கொண்டு டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வருகிற அக்காவை எந்த விளம்பரத்திலும் லேடீஸ் என்று காட்டியதில்லை. அவளுக்கு வேண்டியது தட்டையான கால்வைக்கும் இடம், புடவையோடு ஏறி இறங்க வசதி, திண்டிவனம் நெடுஞ்சாலையில் லாரி உரசிப் போகும்போது ஆடாத வண்டி. அவளுக்குக் கொடுத்தது இளஞ்சிவப்பு.

ஸ்கூட்டி ஜெயித்ததே என்பீர்கள். ஜெயித்தது. இன்றும் பெண் ஓட்டினால் ஆக்டிவாவைக்கூட ஸ்கூட்டி என்றுதான் சொல்கிறோம். 100 கிலோவுக்கும் குறைந்த எடை, பட்டனைத் தொட்டால் ஸ்டார்ட், கியர் இல்லை. நாற்பது வயதில் வண்டி பழகுகிறவளுக்கு இவை பெரிய விஷயம். ஒரு காலத்தில் அதை 99 நிறங்களில் விற்றார்கள். அந்த நிறங்களைவிட, டிவிஎஸ் பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த வகுப்புகள் உருப்படியான வேலை.

இது புதுக் கதையும் அல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு பெண்கள் சைக்கிள் பழகினார்கள். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், விவசாயக் கூலிகள், செவிலியர்கள் எல்லாரும். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோக, ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். அதிலும் சிலருக்கு ஜென்ட்ஸ் சைக்கிள்தான் பிடித்தது, குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று. பி. சாய்நாத் இதைப் பதிவுசெய்திருக்கிறார். ஒரு கம்பியின் பயன் அந்தப் பெண்களுக்குத் தெரிந்தது. அதை எடுத்துவிட்டு 'லேடீஸ்' என்று பெயர் வைத்தவர்களுக்குத் தெரியவில்லை.

சட்டமும் நம்மைப் பின்சீட்டில்தான் வைத்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது, பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால்வைப்பு, துணி சக்கரத்தில் சிக்காமலிருக்கத் தடுப்பு ஆகியவை வேண்டும் என்கிறது. நாம் 'சாரி கார்டு' என்கிறோமே, அது. நல்ல விதிதான், உயிர்களைக் காக்கிறது. ஆனால் புடவை கட்டியவள் முன்னால் உட்கார்ந்து ஓட்டுவாள் என்று அன்று யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பக்கத்தில் பெரும்பாலான வீட்டில் இருப்பது ஒரே வண்டி. அதை அவரும் எடுக்க வேண்டும். பூப்போட்ட ஸ்டிக்கர் வண்டியில் டீக்கடைக்குப் போக அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சம்தான் எந்த மாடல் வீட்டுக்கு வரும் என்று முடிவுசெய்கிறது. 2001இல் வந்த ஆக்டிவா எல்லாருக்குமான வண்டியாக நின்றதால் அவருடைய மீசைக்குப் பங்கம் வரவில்லை. நாம் ஜென்ட்ஸ் சைக்கிளை வெட்கப்படாமல் மிதித்தோம். அவர்களால் லேடீஸ் வண்டியில் ஒரு தெரு தாண்ட முடியவில்லை. நஷ்டக் கணக்கு மட்டும் நம் பெயரில்.

ஓலா நிறுவனம் 2021இல், போச்சம்பள்ளி ஆலையை 10,000 பெண்களைக் கொண்டே நடத்தப்போவதாக அறிவித்தது. வண்டியைப் பூட்டப் பெண்கள், சரி. அதன் அளவைத் தீர்மானிக்கும் அறையில் எத்தனை பேர்?

2018 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். பணத்தைவிட அதன் நிபந்தனைதான் எனக்குப் பிடித்தது: உரிமம் அவளிடம் இருக்க வேண்டும், வண்டி அவள் பெயரில் பதிவாக வேண்டும். மாடலை அவளே தேர்ந்தெடுக்கலாம். 2021இல் ஆட்சி மாறியது, திட்டம் நின்றது, நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அந்தப் பேருந்தை நான் குறைசொல்ல மாட்டேன், கூலி வேலைக்குப் போகிறவளின் கையில் அது காசு. ஆனால் ஒரு நாளைக்கு இரண்டே நடை பஸ் வரும் ஊரில், இரண்டாவது நடையை விட்டவள் வீடு போய்ச் சேர வண்டிதான் வேண்டும். இரண்டையும் கேட்போம்.