மெஷினைக் குற்றம் சொல்ல முதல் பிளக் பொயின்டைப் பாருங்கள்

“தம்பி, மதர்போர்ட் போயிருச்சு. அதையும் புரொசசரையும் சேர்த்து மாத்தினா 28,000 வரும்.”

பதுளை டவுனில் ஒரு கடையில் இப்படிச் சொன்னபோது என் மனசுக்குள் ஓடிய கணக்கு வேறு. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024-இல்தான் 1350 ரூபாய் ஆனது. 28,000 என்றால் அம்மாவுக்கு 21 முழுப்பேர். கொழுந்து குறைந்த மாதத்தில் 21 பேர் விழுவதே பெரிய விஷயம். “யோசிச்சிட்டு வாறேன் அண்ணே” என்று சொல்லிவிட்டு, கேசிங்கைத் தூக்கிக்கொண்டு பசறை பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அந்த கம்ப்யூட்டர் நானே பூட்டியது. 2022-இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரைக்கும் ஏறிய நேரம். புதுச் சாமான் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏதோ ஒரு ஒபிஸில் கழித்துப் போட்ட போர்ட், செகண்ட் ஹேன்ட் ரேம், ஒரு சின்ன எஸ்.எஸ்.டி., கேசிங்கோடு சும்மா வந்த பவர் சப்ளை. ஓடியது. தங்கச்சியின் ஏ.எல். பாடம், நான் செய்யிற டைப்செட்டிங் வேலை எல்லாம் அதில்தான்.

பிறகு ஹேங் ஆகத் தொடங்கியது. மவுஸ் அம்பு அப்படியே நின்றுவிடும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் ஒரே எழுத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். கெப்ஸ் லொக்கைத் தட்டினால் லைட்கூட மாறாது. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து நிறுத்துவதைத் தவிர வழியில்லை. தங்கச்சி மூன்று தடவை எழுதியதை இழந்தாள். நாலாவது தடவை அவள் ஒன்றும் பேசவில்லை, கொப்பியை எடுத்துக்கொண்டு இஸ்தோப்பில் போய் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கடை அண்ணன் ஏமாற்றுக்காரர் இல்லை. மெஷினை இரண்டு நாள் வைத்திருந்தார், ஒரு தடவைகூட ஹேங் ஆகவில்லை. காரணம் கண்டுபிடிக்க முடியாத வருத்தத்துக்கு மதர்போர்ட் என்று பெயர் வைத்தார், அவ்வளவுதான். ஆனால் “கடையில் ஹேங் ஆகவில்லை” என்பதுதான் கிடைத்ததிலேயே பெரிய தடயம். அதை நாங்கள் இரண்டு பேருமே தடயமாக எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தங்கச்சியின் பழைய கொப்பியில் எழுதத் தொடங்கினேன். எத்தனை மணிக்கு நின்றது, என்ன ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதோடு ஒரு சட்டம்: ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். ரேமை மாற்றி, விண்டோஸும் போட்டு, ஃபேனையும் துடைத்துவிட்டு “சரியாயிருச்சு” என்றால், எது சரியாக்கியது என்று கடைசி வரைக்கும் தெரியாது.

முதலில் ஈவென்ட் வியூவரைப் பார்த்தேன். கர்னல் பவர் 41 என்று வரிசையாக இருந்தது. நிறையப் பேர் இதைப் பார்த்ததும் பவர் சப்ளைதான் என்று முடிவு கட்டுகிறார்கள். அந்த 41 சொல்வது ஒன்றே ஒன்று: போன தடவை ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை. நீங்களே பட்டனை அமுக்கி நிறுத்தினாலும் அதேதான் பதிவாகும்.

அடுத்தது சூடு. மூடியைக் கழற்றினால் ஹீட்சிங்க் முழுக்கக் கருப்புப் பிசின். எங்கள் லயத்தில் விறகு அடுப்பு. புகையும் தூசியும் ஒன்றாகச் சேர்ந்தால் வெறும் தூசி மாதிரி ஊதினால் போகாது. பிரஷ்ஷால் சுரண்டி, பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதுசு பூசினேன். 90 பாகைக்கு மேல் போன புரொசசர் 65-இல் நின்றது. சந்தோஷமாக இருந்தது. அன்று ராத்திரி 7 மணிக்குத் திரும்பவும் ஹேங்.

பிறகு ரேம். கழற்றி, தங்க நிற ஓரத்தை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, திரும்பப் போட்டேன். மெம்டெஸ்ட்டைப் பென்டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். பிழை இல்லை. டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையும் சுத்தம். மதர்போர்டில் கப்பாசிட்டர் ஒன்றாவது தலை வீங்கியிருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்தேன். 2000-களின் தொடக்கத்தில் மோசமான கப்பாசிட்டர்களால் உலகம் பூராவும் போர்டுகள் செத்த கதையால் வந்த பழக்கம் அது. எல்லாம் தட்டையாகவே இருந்தது.

மிச்சம் இருந்தது கொப்பி மட்டும். எடுத்துப் பார்த்தேன். ஒன்பது ஹேங். அதில் எட்டு, பின்னேரம் ஆறரைக்கும் எட்டரைக்கும் நடுவில்.

அந்த நேரத்தில்தான் மலையிலிருந்து எல்லாரும் வந்து, ரைஸ் குக்கர், கேத்தல், டீவி எல்லாம் ஒன்றாகப் போடுவது. எங்கள் வீட்டு பல்பு அப்போது மங்கும். சின்ன வயசிலிருந்து பார்க்கிறோம், அது பழுது என்று யாருக்கும் தோன்றியதே இல்லை. “பின்னேரம்னா கரண்ட் குறையும்” — மழை பெய்யும் என்பது மாதிரி.

சாக்கெட்டில் செருகினால் வோல்டேஜ் காட்டும் ஒரு சின்ன மீட்டர் வாங்கினேன். என் ஒரு நாள் சாப்பாட்டுச் செலவுக்கு அடங்கிய விலை. இலங்கையில் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட், ஆறு வீதம் கூடிக் குறையலாம். அதாவது 216-க்குக் கீழே போகக்கூடாது. மத்தியானம் 226. ராத்திரி ஏழே கால் மணிக்கு 181. பக்கத்துக் காம்பராவில் கேத்தல் போட்டதும் 174.

இப்போது பவர் சப்ளைக்கு வருவோம். நல்லதொன்றின் லேபலில் இன்புட் 100–240 என்று இருக்கும். அந்த எல்லைக்குள் கரண்ட் இறங்கினாலும் ஏறினாலும் அது சமாளித்துக்கொள்ளும். என்னுடையதில் பின்னால் சிவப்பு சுவிட்ச், 115 அல்லது 230. 230-இல் வைத்தால் 180-க்குக் கிட்ட வரும்போதே அதுக்கு மூச்சு வாங்கும். அந்த நேரத்தில் இன்னொரு இறக்கம் வந்தால் 12 வோல்ட் லைன் ஒரு நொடிக்கும் குறைவாகத் தளரும். மெஷின் அணையாது, உறைந்து நிற்கும். (தயவுசெய்து அந்த சுவிட்ச்சை 115-க்கு மாற்றிப் பார்க்காதீர்கள், வெடிக்கும். பவர் சப்ளையின் பெட்டியையும் திறக்காதீர்கள், கழற்றி வைத்த பிறகும் உள்ளே கரண்ட் நிற்கும்.)

ஹாலிஎலயில் இருக்கிற கூட்டாளியிடம் 100–240 பவர் சப்ளை ஒன்றை ஒரு கிழமைக்கு இரவல் வாங்கிப் போட்டேன். வேறு எதையும் தொடவில்லை. ஏழு நாள், ஒரு ஹேங்கும் இல்லை. பழைய ஒபிஸ் மெஷின் ஒன்றிலிருந்து அதே மாதிரி ஒன்றை 3500-க்கு வாங்கினேன். 28,000 செலவழிக்க வேண்டி வரவில்லை.

இது வெறும் ரிப்பேர் கதையாக இருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன்.

2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது நாடே கொதித்தது. சரிதான், கொதிக்க வேண்டியதுதான். ஆனால் எங்கள் லயத்தில் ஒவ்வொரு பின்னேரமும் 50 வோல்ட் காணாமல் போகிறது. அது யாருக்கும் செய்தி இல்லை. எங்களுக்கே இல்லை. முழுதாக இருட்டினால்தான் கேள்வி கேட்கிறோம், மங்கலை ஏற்றுக்கொண்டுவிட்டோம். அந்த மங்கலில் படிக்கிற பிள்ளையின் கம்ப்யூட்டர் நின்றால் “தோட்டத்துப் பொடியன் பூட்டின மெஷின் அப்படித்தான்” என்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் கையைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன்.

“லெப்டொப் வாங்கினா இந்தப் பிரச்சினையே இல்லையே” என்று ஒருத்தர் சொல்லலாம். உண்மைதான், அதில் பெட்டரி இருக்கிறது, சார்ஜரும் குறைந்த வோல்டேஜைத் தாங்கும். ஆனால் லெப்டொப் வாங்க முடிந்தவர் தப்பிப்பார், லைன் அப்படியே இருக்கும். அதே வயரில்தான் பத்து வீடு தொங்குகிறது. மின்னொழுக்கால் லயம் எரிந்தது என்ற செய்தியை எத்தனை தடவை வாசித்திருக்கிறோம்?

அதனால் என் கோரிக்கை இரண்டு. ஒன்று, தோட்டத்து இளைஞர் கழகம், வாசிகசாலை எதுவானாலும், ஒரு வோல்ட் மீட்டரும் ஒரு நல்ல பவர் சப்ளையும் இரவல் கொடுக்க வைத்திருக்க வேண்டும். கெரம் போர்ட் வாங்குகிற காசுதான். ஓ.எல். ஐ.சீ.டி. புத்தகத்தில் மதர்போர்ட் படத்துக்குப் பெயர் எழுதிப் பழகிய பிள்ளை ஒரு தடவையாவது நிஜ மெஷினின் மூடியைக் கழற்றட்டும்.

இரண்டாவது, அளந்ததை எழுதி வையுங்கள். நாங்கள் ஏழு நாள், மூன்று வேளை அளந்து, பத்து வீட்டுக் கையெழுத்தோடு கரண்ட் ஒபிஸில் கொடுத்தோம். “கரண்ட் குறைவு” என்று வாயால் முன்பு சொன்னதுக்கு யாரும் வரவில்லை. 181, 174 என்று திகதியோடு எழுதிக் கொடுத்ததுக்கு இரண்டு கிழமையில் ஆள் வந்தது. கம்பத்தில் கருகிப்போயிருந்த ஒரு ஜொயின்டை மாற்றினார்கள்.

இப்போது ராத்திரி ஏழே காலுக்கு 204 காட்டுகிறது. 216-க்கு இன்னும் 12 குறைவு. கொப்பியில் பக்கம் மிச்சம் இருக்கிறது. தங்கச்சிதான் இப்போது எழுதுகிறாள்.