தேய்ந்த வெள்ளி ரூபாய்

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வாழும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில், பாட்டிமார் சேமித்துவைத்த பழைய வெள்ளி ரூபாய் ஒன்றேனும் டிரங்குப் பெட்டியில் உறங்கிக்கொண்டிருக்கும். கறுத்துவிட்டதே என்று அதனைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கிவிடலாகாது. தேய்ந்த காசில் எஞ்சியிருக்கும் சிறிதளவு உருவமும் அதனால் அழிந்துபோகும். வெதுவெதுப்பான சோப்பு நீரில் சற்று ஊறவிட்டு, நல்ல நீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றியெடுத்தல் போதுமானது.

பின்னர் விளக்கொளி பக்கவாட்டில் சரிந்து விழுமாறு பிடித்து நோக்குவோமாயின், மறைந்த உருவம் நிழலாய்த் தோன்றும். பெண் முகமெனில் விக்டோரியா. தாடியுண்டு, மகுடமில்லை எனில் ஏழாம் எட்வர்டு. தாடியும் மகுடமும் இருப்பின் ஐந்தாம் ஜார்ஜ். தாடியின்றி மகுடம் மட்டும் இருப்பின் ஆறாம் ஜார்ஜ்.

இவ்வேறுபாடு விலையைப் பற்றியதுமாகும். முதல் மூவர் காலத்து ரூபாயின் முழு எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அதில் நூற்றுக்குத் 91.7 பங்கு வெள்ளி. ஆறாம் ஜார்ஜ் காலத்தில், 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. ஆதலின் கடைக்காரர் எல்லாவற்றையும் பாதி வெள்ளி என்று கூறின், முகத்தைக் காட்டி, எடையையும் நம் கண்முன் நிறுக்கச் சொல்வோம். விற்க நேரினும் விவரம் அறிந்தே விற்போம். இயலுமாயின் பேரப்பிள்ளைகளுக்கென வைத்திருப்போம்.