கண்ணில் படும் காசு

கோரிமேட்டு எல்லை தாண்டியதும் வரும் பெட்ரோல் பங்குகளில் தமிழ்நாட்டு நம்பர் பைக்குகளைப் பார்க்கலாம். புதுச்சேரியில் வரி குறைவு. லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சம். பக்கத்து ஊர்க்காரர்கள் வருவது நியாயம். இதற்கென்றே திண்டிவனத்திலிருந்து கிளம்பினால், போக வர எரிகிற ஒரு லிட்டருக்கும் மேலான பெட்ரோலிலேயே அந்த மிச்சம் கரைந்துவிடும்.

இப்படி மிச்சத்தை மனசு எடைபோடும் விதம் பற்றி 1981-ல் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 15 டாலர் கால்குலேட்டரில் 5 டாலர் குறையும் என்றால் 20 நிமிடம் வண்டி ஓட்டி இன்னொரு கடைக்குப் போகத் தயார் என்றவர்கள் 68 சதவீதம். 125 டாலர் பொருளில் அதே 5 டாலர் என்றதும் 29 சதவீதம்தான். மிச்சமாகும் காசு ஒன்றே. மனசு போடும் கணக்கு வேறு.

ஆனால் இந்தக் கணக்கில் என்னை வாட்டுவது ஹெல்மெட். சில்லறைக்காக அவ்வளவு தூரம் யோசிக்கிற மனிதர், அதை வண்டிக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போகிறார். பங்க் மீட்டரில் ஓடும் ரூபாய் கண்ணில் படுகிறது. இன்னும் நடக்காத விபத்து படுவதில்லை. இத்தனைக்கும் ஜிப்மர் மருத்துவமனை இருப்பது இதே கோரிமேட்டில். மண்டை உடைந்து ஆம்புலன்ஸில் வருகிறவர்களை ஊரே பார்க்கிறது. 2019 பிப்ரவரியில் புதுச்சேரியில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியபோது, துணைநிலை ஆளுநருக்கும் முதல்வருக்குமான மோதலில் அதுவும் ஒரு காரணமானது. அரசியல் எப்படியோ போகட்டும். நீங்கள் கண்ணாடியில் தொங்கும் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் போட்டு, வாரையும் மாட்டுங்கள்.